எங்கள் தெரு டவரின் கதிர்வீச்சு அளவைத் தமிழில் எழுதி வையுங்கள்

செல்போன் டவர்களின் கதிர்வீச்சை அளந்து கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். மதுரை செல்லூரில் எங்கள் தெரு மாடி ஒன்றில் டவர் வந்ததும், தெருக்காரர்கள் சேர்ந்து மனு கொடுத்ததும் உங்களுக்குத் தெரியும். "எல்லாம் வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. எவ்வளவு இருக்கிறது, வரம்பு எவ்வளவு, எந்தத் தேதியில் அளந்தீர்கள் என்று கேட்டோம். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அந்தப் பதில் இல்லாததால் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா இட்லி மாவு அரைத்து விற்பவர். மகளுக்கு வளைகாப்பு முடித்து, தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்தார். மகளைப் பார்க்க வந்த சம்பந்தி வீட்டார் எதிர் மாடியில் டவரைப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஆகாது என்று பெண்ணைத் திருமங்கலத்துக்கே திருப்பி அழைத்துப் போய்விட்டார்கள். அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கையில் காட்ட ஒரு தாள் கூட இல்லை. இப்போது மாவு வியாபாரம் முடிந்ததும் தூக்குவாளியில் குழம்பு எடுத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார், மகள் முகத்தைப் பார்த்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புகிறார். அந்த வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறதாம். அம்மா நினைப்பில் அந்தப் பெண் போனைக் காதோடு ஒட்டிவைத்து நெடுநேரம் பேசுகிறாள்.

எனக்கு வயிற்றெரிச்சலே இங்கேதான். டவர் தூரத்தில் இருந்து சிக்னல் குறைந்தால், போன்தான் தன் சக்தியைக் கூட்டி அலையை அனுப்புகிறது. தூரத்தில் நிற்பவரிடம் உரக்கப் பேசுவது போல. மாடி டவரின் அலை தள்ளித் தள்ளிப் போகப் போக வேகமாகக் குறைந்துவிடும். காதில் ஒட்டிய போனுக்கு அந்த இடைவெளியே கிடையாது. டவருக்குப் பயந்து போன பெண், டவர் அலையைவிடக் கூடுதலாகத் தன் போனின் அலையைத் தலையில் வாங்கிக்கொண்டிருக்கலாம். ஸ்பீக்கரில் போட்டுத் தள்ளி வைத்துப் பேசினாலே அது பெருமளவு குறையும். இதை அவளுக்குத் தமிழில் சொல்ல வேண்டியவர்கள் யார்?

டவரால் நோய் வரும் என்று சொல்ல நான் இந்த மடலை எழுதவில்லை. இந்த அலைகளுக்கு எக்ஸ்ரே போல உயிரணுக்களில் உள்ள டி.என்.ஏ.வை உடைக்கும் வலு கிடையாது. உறுதியாக அறியப்பட்ட விளைவு உடல் திசுவைச் சூடாக்குவதுதான், வரம்பை வகுத்ததும் அதை வைத்துத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2011-இல் இவற்றைப் 'புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடும்' என்ற பிரிவில் வைத்தது. நிரூபணம் ஆகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. அடுத்த ஆண்டே, 2012 செப்டம்பர் 1 முதல், டவர்களுக்கான வரம்பை நம் நாடு சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 ஆனது. போனுக்கான எஸ்.ஏ.ஆர். வரம்பும் கடுமையானது. உடல் திசு வாங்கிக்கொள்ளும் சக்தி கிலோவுக்கு 1.6 வாட்டைத் தாண்டக் கூடாது, ஏதாவது ஒரு கிராம் திசுவில் சராசரி பார்த்தாலும்.

நல்ல விதிகள்தான். ஆனால் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. போனில் நட்சத்திரக் குறி, ஹேஷ், 07, ஹேஷ் என்று அழுத்தினால் பெரும்பாலான போன்களில் அந்தப் போனின் எஸ்.ஏ.ஆர். அளவு தெரியும். அதையும் யாரும் சொல்லித் தரவில்லை. தெரியாத இடத்தில் வியாபாரம் நடக்கிறது. 'கதிர்வீச்சைத் தடுக்கும்' ஸ்டிக்கர் என்று ஒன்றைப் போன் கடைகளில் விற்கிறார்கள், பிள்ளைத்தாய்ச்சிகள் வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். அலையை அது உண்மையிலேயே மறைத்தால் போன் இன்னும் சக்தியைக் கூட்டத்தான் செய்யும்.

டவரை அளந்து பார்க்க வேண்டுமா, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் 4,000 ரூபாய் கட்டி விண்ணப்பியுங்கள் என்கிறீர்கள். மாவு விற்கும் வீட்டில் 4,000 ரூபாய் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாதா? ரேஷன் கடையில் அரிசி எவ்வளவு இருப்பு என்று பலகையில் எழுதுகிறார்கள். பெட்ரோல் பங்கில் இன்றைய விலையைக் காட்டுகிறார்கள். எங்கள் தலைக்கு மேல் நிற்பதைப் பற்றி மட்டும் ஏன் இந்த மௌனம்? மருந்து அட்டை, இன்சூரன்ஸ் பத்திரம், போன் பெட்டி என்று உயிரோடு சம்பந்தப்பட்டது எல்லாமே எங்களுக்குப் புரியாத மொழியில், பொடி எழுத்தில்தான் வருகிறது. சரி, அதெல்லாம் உங்கள் பொறுப்பில் இல்லை. டவர் உங்கள் பொறுப்பு.

தயவுசெய்து டவர் நிற்கும் ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும் ஒரு பலகை வையுங்கள். அளந்த அளவு, அனுமதித்த அளவு, அளந்த தேதி, சந்தேகம் கேட்க ஒரு போன் எண். தமிழில், படிக்கிற அளவு எழுத்தில். அளவு கூடியிருந்தால் அதையும் எழுதுங்கள், எப்போது சரிசெய்வீர்கள் என்பதையும் சேர்த்து. எங்கள் தெருவில் முதலில் வைத்தால், அந்தப் பலகையைப் போட்டோ எடுத்துத் திருமங்கலத்துக்கு அனுப்புவோம். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் செய்து தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செல்லூர்வாசி ஒருவர்
மதுரை