ஏழாம் தலைமுறை மேரியைத் தேடித் தந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

என் மாமியாரின் வம்சாவளி ஒருவழியாக முழுமையடைந்துவிட்டது. 1620-இல் இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேற மேஃபிளவர் கப்பலில் வந்த ஜான் ஹவ்லண்ட், எலிசபெத் டில்லி தொடங்கி என் மகள்கள் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் எழுத்துச் சான்று இப்போது கையில் இருக்கிறது. என் கணவர் வழி உறவினர்களுக்கும் நகர அலுவலக ஊழியர்களுக்கும் ஆங்கிலத்தில் தனியாக எழுதிவிட்டேன். உதவியவர்களில் பாதிப் பேர் நம்மவர்கள். உங்களுக்குத் தமிழில் நன்றி சொன்னால்தான் எனக்கு நிறைவு.

"மேஃபிளவர் குடும்பம் என்றால் எல்லாம் புத்தகமாகவே இருக்குமே, தேடுவதற்கு என்ன இருக்கிறது?" என்று சிலர் கேட்டீர்கள். ஓரளவுக்கு அது சரிதான். வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்துபோனார்கள். ஹவ்லண்ட், அவர்கள் அமைத்த பிளிமத் குடியேற்றத்தின் முதல் ஆளுநர் கார்வரின் பணியாளாக வந்தவர். நடுக்கடல் புயலில் கப்பலிலிருந்து விழுந்து, தண்ணீரில் இழுபட்டுக்கொண்டிருந்த பாய்க்கயிற்றைப் பிடித்து உயிர் பிழைத்தவர். எலிசபெத்துக்கு அப்போது 13 வயது. அப்பா, அம்மா, சித்தப்பா, சித்தி என்று கூட வந்த நால்வரையும் அந்தக் குளிர்காலத்துக்குப் பறிகொடுத்தாள். இந்த இருவருக்கும் பிறந்த பத்துப் பிள்ளைகளும் வளர்ந்து ஆளாகிக் குடும்பம் நடத்தினார்கள். அமெரிக்க அதிபர்களான பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டும் இரண்டு புஷ்களும் அந்த வழி வந்தவர்கள்தான். முதல் ஐந்து தலைமுறைகளை மேஃபிளவர் வம்சத்தார் சங்கம் சான்றுகளோடு அச்சிட்டே வைத்திருக்கிறது.

அதற்கப்புறம்தான் கஷ்டம். அமெரிக்க விடுதலைப் போர் முடிந்ததும் மாசசூசெட்ஸிலிருந்து குடும்பம் குடும்பமாக நியூயார்க் மாநிலத்தின் மேற்குப் பகுதிக்குக் கிளம்பிப் போனார்கள். 1790 முதல் 1840 வரையிலான மக்கள்தொகைக் கணக்கில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். மனைவியும் பிள்ளைகளும் வெறும் எண்ணிக்கை. எங்கள் ஏழாம் தலைமுறைப் பாட்டி அப்படித்தான் தொலைந்திருந்தாள். மேரி என்ற பெயர் மட்டும் இருந்தது, யார் மகள் என்று இல்லை. மாமியார் வீட்டில் அதற்கு ஒரு கதை சொல்வார்கள். ஆனால் கதை சான்றாகாது.

அதை எனக்கு உறைக்கும்படி சொன்னவர், பாஸ்டனில் 1845-இல் தொடங்கிய வம்சாவளிச் சங்க நூலகத்தில் தன் சனிக்கிழமைகளை எனக்காகச் செலவிட்ட தோழி. எலிசபெத்தையே வெகுகாலம் ஆளுநர் கார்வரின் மகள் என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்களாம். பிளிமத்தில் கல்லறைக் கல்லிலேயே அப்படி வெட்டி வைத்திருந்தார்கள். கார்வருக்குப் பின் ஆளுநரான பிராட்ஃபோர்ட் எழுதிய குடியேற்ற வரலாற்றின் காணாமல் போயிருந்த கையெழுத்துப் பிரதி 1855-இல் லண்டனில் கண்டுபிடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு அச்சான பிறகுதான் அவள் ஜான் டில்லியின் மகள் என்று தெளிவானது. கல்லில் இருப்பதே தவறாகலாம் என்றால் வாய்வழிக் கதைக்கு என்ன உத்தரவாதம்? ஹவ்லண்ட் இறந்த ஆண்டை 1672/3 என்று இரட்டையாக எழுதியிருப்பது ஏன் என்று புரியவைத்தவரும் இந்தத் தோழிதான். அப்போது அங்கே புத்தாண்டு மார்ச் 25-இல் பிறந்தது. அவர் இறந்ததோ பிப்ரவரியில். அதனால் அன்றைய கணக்கில் 1672, இன்றைய கணக்கில் 1673.

அடுத்து, மகள் வீட்டுக்கு வந்திருந்த தஞ்சாவூர் ஐயா. வாழ்நாள் முழுக்கப் பத்திரம் எழுதியவர். ஐயா, நியூயார்க் நிலப் பத்திரங்களின் நகலை நான் விலையையும் தேதியையும் பார்த்துவிட்டு ஓரமாக வைத்திருந்தேன். நீங்கள் நேரே நான்கெல்லைக்குப் போனீர்கள். "வடக்கே யார் நிலம்னு பாரும்மா, ஊர் விட்டு ஊர் போறவங்க சொந்தக்காரங்களோடதான் போவாங்க" என்றீர்கள். விற்பனைப் பத்திரத்தின் கடைசியில் மேரி மனைவி என்ற முறையில் தனக்கிருந்த பங்குரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்துக்குப் பதிலாகக் குறி போட்டிருந்ததையும் நீங்கள்தான் காட்டினீர்கள். வடக்கெல்லைக்காரர் அவளுடைய அண்ணன் என்பது பிறகு உறுதியானது.

உறுதி செய்தது மேரியின் விதவை ஓய்வூதியக் கோப்பு. விடுதலைப் போர் வீரர்களின் விதவைகளில் 1794-க்கு முன் மணமானவர்களுக்கும் உதவித்தொகை தர 1838-இல் சட்டம் வந்தது. திருமணப் பதிவு இல்லாதவர்கள் வேறு ஏதாவது ஆதாரம் காட்டியாக வேண்டும். மேரி தன் வீட்டு பைபிளிலிருந்து ஒரு தாளைக் கிழித்து அனுப்பியிருந்தாள். வாஷிங்டன் ஆவணக் காப்பகத்தில் எனக்காகக் காத்திருந்து அதைப் படமெடுத்த தம்பிக்கு எப்படி நன்றி சொல்வேன்! இடது ஓரம் கோணல்மாணலாகக் கிழிந்திருக்கிறது. பழுப்பேறிய மையில் கல்யாணத் தேதி, அதன் கீழே வேறொரு கையெழுத்தில் எட்டுப் பிள்ளைகளின் பெயர்கள். இரண்டு பெயர்களுக்கு எதிரே இறந்த நாளும் இருக்கிறது. கூடவே, "இவள் என் உடன்பிறந்த தங்கை" என்று அண்ணன் கொடுத்த வாக்குமூலம். அண்ணனுடைய ஞானஸ்நானப் பதிவு மாசசூசெட்ஸின் பார்ன்ஸ்டபிள் ஊரில் ஏற்கெனவே கிடைத்திருந்ததால், எலிசபெத்தின் மூத்த மகள் டிசையர் வரை வழி திறந்துவிட்டது.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். அந்த மண் அங்கே முன்பிருந்தே வாழ்ந்த வாம்பனோவாக் பழங்குடி மக்களுடையது, அவர்களை விட்டுவிட்டு எழுதாதே என்று வற்புறுத்திய அக்கா. டிசையரின் கணவர் ஜான் கோரம் 1675-76 போரில் அவர்களை எதிர்த்துப் படை நடத்தப் போய் இறந்தவர். அந்தப் போரையும், அதில் அவர்கள் இழந்ததையும் என் மகள்களுக்கான ஏட்டில் தனிப் பக்கமாகச் சேர்த்திருக்கிறேன். அக்கா சொல்லாவிட்டால் அந்த ஏடு அரைகுறையாகவே இருந்திருக்கும்.

மாமியார் கையெழுத்துப் போட்ட விண்ணப்பம் மேஃபிளவர் வம்சத்தார் சங்கத்துக்குப் போய்விட்டது. பைபிள் தாளின் நகலை உங்கள் ஒவ்வொருவருக்கும் அனுப்ப வேண்டும் என்பது அவர் ஆசை. தஞ்சாவூர் ஐயா ஊர் திரும்பிவிட்டதால், அவர் முகவரியை அவருடைய மகள் எனக்கு எழுதினால் போதும்.

அன்புடனும் நன்றியுடனும்,
உங்கள் தோழி