செயலாளர் அறிக்கை: நம் நோக்கப் பிரிவைத் திருத்துவது பற்றி

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வழக்கமானவற்றை முதலில் முடித்துவிடுகிறேன். செயற்குழு தவறாமல் கூடியது. பறவைக் கணக்கெடுப்பும் களைச்செடி அகற்றும் பணியும் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது. சரி, இந்த ஆண்டு நம்மை அதிகம் வாதாட வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

"இப்பகுதியின் இயற்கையைப் பழைய நிலைக்கு மீட்டுக் காப்பது" என்கிறது நம் சங்க விதிகளின் நோக்கப் பிரிவு. எழுதிய காலத்தில் அதில் தவறில்லை. மழையும் வெயிலும் ஏறக்குறைய பழைய எல்லைக்குள்ளேயே வந்துபோகும் என்று எல்லோரும் நம்பினோம். ஆனால் உலக வானிலை அமைப்பின் கணக்குப்படி 2024இல் பூமியின் சராசரி வெப்பம் தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிடச் சுமார் 1.55 டிகிரி செல்சியஸ் அதிகம். உயிரினங்கள் பத்தாண்டுக்குச் சுமார் 17 கி.மீ. துருவங்களை நோக்கியும், 11 மீட்டர் மலைமேலும் நகர்கின்றன என்று 2011இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. நாம் வேலி போட்ட நிலம் நகராது. உள்ளே இருப்பவை நகரும். 2030க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைக் காக்க வேண்டும் என்று 2022இல் மான்ட்ரியலில் நாடுகள் ஒப்புக்கொண்டன. நல்லதுதான். ஆனால் அந்த நிலங்களுக்கு இடையே போக வழி இல்லையென்றால் பரப்பளவு மட்டும் என்ன செய்யும்?

அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை பயன்படுத்தும் ஒரு முறையைச் செயற்குழு எடுத்துப் பேசியது. மாற்றத்தை எதிர்த்து நிற்பது, ஏற்றுக்கொள்வது, நல்ல திசைக்குத் திருப்புவது என்று அதில் மூன்று வழிகள். குளக்கரையில் எதிர்த்து நிற்கிறோம்: நிழல் மரங்களைக் கூட்டி, தண்ணீர் சூடேறாமல் பார்க்கிறோம். மேட்டுச் சரிவில், ஈரம் விரும்பும் கன்றுகள் ஒவ்வொரு கோடையிலும் காய்ந்துபோகும் இடத்தில், அவற்றையே திரும்பத் திரும்ப நடுவதை நிறுத்திவிட்டோம். நாற்றங்காலில் உள்ளூர் விதையோடு, அதே இனத்தின் வெப்பமான, வறண்ட இடத்து விதைகளையும் கலந்து வளர்க்கிறோம்.

"இது கைகழுவுவதற்கு ஒரு சாக்கு" என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் கோபப்பட்டார்கள். அந்தப் பயம் நியாயமானது என்பதே என் கருத்து. வாய்க்காலை அடைத்ததால் வற்றிய குளத்துக்கும் காலநிலையின் மேல் பழி போடலாம். அது எல்லோருக்கும் வசதி. அதனால்தான் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறோம். ஆக்கிரமிப்பு, கழிவு, நீர் திருப்பல் ஆகிய காரணங்களை முதலில் தேடிப் பார்த்து, இல்லை என்று பதிவு செய்த பிறகே எதையும் 'ஏற்றுக்கொண்டோம்' என்று எழுதலாம். மறுபரிசீலனைத் தேதியும் கூடவே வேண்டும்.

இனங்களை வேறிடத்துக்கு மாற்றுவது பற்றி இளைஞர் அணி ஆவலாக இருக்கிறது. இதில் ஆஸ்திரேலியாவை மட்டும் பார்த்தாலே போதும். பிராம்பிள் கே என்ற சிறு தீவின் மெலோமிஸ் எலி, கடல்நீர் ஏறி வாழிடம் சுருங்கியதால், 2009க்குப் பின் யார் கண்ணிலும் படவில்லை. 2019இல் அரசு அதை அற்றுப்போனதாக அறிவித்தது. காத்திருந்ததன் விலை அது. வாழிடத்தில் மழை குறைந்துவருவதால், மேற்கத்திய சதுப்பு ஆமையின் குட்டிகளை 2016இல் தெற்கே, ஈரமான இடங்களில் சோதனையாக விட்டார்கள். அதே நாட்டில்தான் 1935இல் கரும்புப் பூச்சியை ஒழிக்கக் கொண்டுவந்த கரும்புத் தேரை இன்றுவரை பெருந்தொல்லை. ஆகவே நிபுணர் கருத்தும் அரசு அனுமதியும் இல்லாமல் நம் சங்கம் எதையும் இடம் மாற்றாது. அணியினர் மன்னிக்கவும்.

அப்புறம், பழைய கணக்கெடுப்பு ஏடுகள் இனி எதற்கு என்று ஒருவர் கேட்டார். முன்பைவிட இப்போதுதான் அவை தேவை. எது எவ்வளவு மாறியது என்று வேறெதை வைத்துச் சொல்வது? அவற்றைப் படமெடுத்துச் சேமிக்க இரண்டு தன்னார்வலர்கள் வேண்டும்.

நோக்கப் பிரிவுக்குச் செயற்குழு முன்மொழியும் புதிய வாசகம்: "இப்பகுதியில் உயிரினங்கள் வாழவும் பெருகவும் இடம்பெயரவும் வேண்டிய நிலத்தையும் நீரையும் வழித்தடங்களையும் காப்பது." இந்தத் திருத்தத்தை விவாதத்துக்கும் வாக்கெடுப்புக்கும் வைத்து, அறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்