பலியிட்டவர்களை எழுது: வரலாற்று நாவல் எழுதும் தங்கைக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தங்கைக்கு,

நீ அனுப்பிய அத்தியாயங்களைப் படித்து முடித்தேன். கி.பி. 250-இல் ரோமர் ஆண்ட எகிப்தின் அலெக்சாந்திரியாவைக் களமாக எடுத்தது மிக நல்ல முடிவு. துறைமுகத்துக் கூலிகள், பாப்பிரஸ் தாள் விற்கும் கிறிஸ்தவ வியாபாரி தியோன், அவனோடு ஓயாமல் சண்டையிடும் மாமியார் என்று எல்லோரும் உயிரோடு நடமாடுகிறார்கள். ஆனால் எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்ற ரோமப் பேரரசன் டேசியஸின் ஆணை ஊருக்குள் வந்ததுமே கதை உன் கையைவிட்டுப் போய்விடுகிறது. தியோன் ஒரே இரவில் மாவீரனாகிறான். ஆளுநர் பல்லைக் கடிக்கிறார். அரங்கத்தில் சிங்கம் உறுமுகிறது. இவற்றை நாம் ஏற்கெனவே எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டோம்.

இந்தக் கடிதத்தைப் பொதுவில் வெளியிட நீ சம்மதித்ததற்கு நன்றி. ஆதித் திருச்சபையைப் பற்றித் தமிழில் கதை எழுத விரும்பும் மற்றவர்களுக்கும் நான் சொல்ல நினைப்பது இதுதான். சாகத் துணிந்தவர்களை எழுதப் பலர் இருக்கிறார்கள். பலியிட்டுவிட்டுத் தலைகுனிந்து வீடு திரும்பியவர்களை நீ எழுது. உன் நாவல் அவர்களிடம்தான் இருக்கிறது.

ஒரு தாளைப் பற்றிச் சொல்கிறேன். 249-இல் ஆட்சியைப் பிடித்த டேசியஸ், பேரரசின் மக்கள் தெய்வங்களுக்குப் பலியிட்டு, அதை அதிகாரிகள் முன்னிலையில் நிரூபிக்க வேண்டும் என்று ஆணையிட்டான். அப்படி நிரூபித்தவர்கள் வாங்கிய சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை எகிப்தின் வறண்ட மண்ணிலிருந்து கிடைத்திருக்கின்றன. அவற்றில் ஒன்று அலெக்சாந்தரின் தீவு என்ற கிராமத்தைச் சேர்ந்தது. தேதி 250 ஜூன் 26. மனுதாரர் பெயர் ஆரேலியஸ் டயோஜெனிஸ், சதபூஸின் மகன், வயது 72, வலது புருவத்தில் தழும்பு. "தெய்வங்களுக்கு எப்போதும் பலியிட்டு வந்திருக்கிறேன். இப்போது உங்கள் முன்னிலையில், ஆணைப்படி பலியிட்டேன், பானம் வார்த்தேன், படைத்ததை உண்டேன். கீழே சான்றளிக்க வேண்டுகிறேன்" என்கிறார் அவர்.

நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் அங்க அடையாளம் எழுதுவதுபோல ஒரு கிழவரின் புருவத் தழும்பை ஓர் எழுத்தர் குறித்துவைத்திருக்கிறார். ஆரேலியஸ் என்ற பெயரையும் கவனி. 212-இல் கரகல்லா பேரரசின் சுதந்திர மக்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் குடியுரிமை கொடுத்தபோது லட்சக்கணக்கானவர்கள் சூடிக்கொண்ட பெயர் அது. மனு கொடுப்பவரும் ஆரேலியஸ், தியாடெல்பியா கிராமத்துச் சான்றிதழ்களில் "நீங்கள் பலியிட்டதைக் கண்டோம்" என்று கையெழுத்திடுபவர்களும் ஆரேலியஸ்கள்தான். உன் கதையில் இந்தப் பெயர் ஓரிடத்திலும் வரவில்லை. வரவேண்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தத் தாளில் கிறிஸ்தவம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. முதலையைத் தெய்வமாக வணங்கிய ஆர்சினோ நகரில், பெட்டெசூகோஸ் என்ற அந்தத் தெய்வத்தின் பூசாரியான ஆரேலியா அம்மோனூஸ் என்ற பெண்ணும் இதே சான்றிதழை வாங்கியிருக்கிறாள். வாழ்நாளெல்லாம் தெய்வத்துக்குப் பூசை செய்தவள், தான் தெய்வபக்தி உள்ளவள் என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டியிருந்தது! ஆகவே வேட்டை நாய்கள் சகிதம் வீடு வீடாகப் புகும் வீரர்களோடு அத்தியாயத்தைத் தொடங்காதே. நீண்ட வரிசையோடு தொடங்கு. மனு எழுதிக் கொடுப்பவனின் மைக்கூடு, கருகும் இறைச்சியின் வாசனை, வெயில், முன்னால் நிற்பவன் யார் என்று எட்டிப் பார்க்கும் கண்கள். தியோன் பாப்பிரஸ் வியாபாரி அல்லவா? அந்தக் கோடையில் அவன் கடையில் சரக்குக்குத் தட்டுப்பாடு வரும் அளவுக்கு வியாபாரம் நடந்திருக்கும். தன் கூட்டத்தாரை விழவைக்கும் தாளை அவனே விற்கிறான். இதை நீ எப்படித் தவறவிட்டாய் என்று எனக்கு ஆச்சரியம்.

அலெக்சாந்திரியாவின் ஆயர் டயோனீசியஸ், அந்தியோக்கியாவின் ஆயர் ஃபேபியஸுக்கு எழுதிய கடிதத்தின் பகுதிகளை யூசேபியஸ் தன் திருச்சபை வரலாற்றில் பாதுகாத்து வைத்திருக்கிறார். அதை வரிக்கு வரி படி. பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது ஊர்ப் பெரியவர்கள் சிலர் பயந்துபோய்த் தாமாகவே முன்வந்தார்கள். சிலரை உறவினர்களும் அண்டை அயலாரும் இழுத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் வெளிறிப்போய் நடுங்கிக்கொண்டே வந்தார்கள்; பலியிட வந்தவர்களா, தாங்களே பலியாக வந்தவர்களா என்று கேட்கும்படி இருந்தது அவர்கள் நிலை; சுற்றி நின்ற கூட்டம் சிரித்தது. வேறு சிலர் துணிச்சலாகப் பீடத்துக்கு ஓடி, நாங்கள் ஒருநாளும் கிறிஸ்தவர்களாக இருந்ததில்லை என்றார்கள். சிறையில் சில நாள் தாக்குப்பிடித்துவிட்டு விசாரணைக்கு முன்பே விட்டுக்கொடுத்தவர்கள் உண்டு. சித்திரவதையை ஓரளவுக்குத் தாங்கி, அதற்குமேல் முடியாமல் போனவர்களும் உண்டு. ஒரே பத்தியில் இத்தனை வகை மனிதர்கள். நீயோ வீரன், துரோகி என்று இரண்டே வகையோடு நின்றுவிட்டாய்.

வட ஆப்பிரிக்காவிலிருந்த கார்த்தேஜின் ஆயர் சிப்ரியன் சொல்லும் ஒரு நிகழ்ச்சி என்னை விடாமல் துரத்துகிறது. பெற்றோர் ஊரைவிட்டு ஓடும்போது கைக்குழந்தையைச் செவிலியிடம் விட்டுப் போகிறார்கள். அவள் குழந்தையை அதிகாரிகளிடம் தூக்கிக்கொண்டு போகிறாள். இறைச்சி தின்னும் வயதில்லை என்பதால், பலியில் மீந்த மதுவில் ரொட்டியை நனைத்துக் குழந்தையின் வாயில் வைக்கிறார்கள். பிறகு, நடந்தது எதுவும் தெரியாத தாய் குழந்தையை ஆராதனைக்குக் கொண்டுவருகிறாள். நற்கருணைக் கிண்ணம் நெருங்கும்போது குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. வலுக்கட்டாயமாக வாயில் ஊற்றினால் கக்கிவிடுகிறது. இதைத் தாம் நேரில் பார்த்ததாக சிப்ரியன் எழுதுகிறார். அவருக்கு இது கடவுளின் தீர்ப்பு. நான் நினைப்பதெல்லாம் அந்தச் செவிலியைத்தான். பயத்தால் போனாளா, வெறுப்பால் போனாளா, குழந்தையாவது பிழைக்கட்டும் என்று போனாளா? சிப்ரியன் அவளைப் பற்றி அதற்குமேல் ஒன்றும் சொல்வதில்லை. அவளுடைய அந்த நாளை எழுதும் வேலை நாவலாசிரியருக்கு உரியது.

ஆணையின் வேகம் ஓர் ஆண்டில் தணிந்தது. 251-இல் கோத்தியரோடு நடந்த போரில் டேசியஸ் இறந்தான். ஆனால் உண்மையான சண்டை சபைக்குள்தான் நடந்தது. பலியிட்டவர்கள் சபையின் வாசலில் வந்து நின்றார்கள். காசு கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கியவர்கள், நாங்கள் பலியிடவே இல்லையே என்றார்கள். சிறையிலிருந்து மீண்டவர்களுக்கு மக்களிடையே பெரும் மதிப்பு. அவர்கள் விழுந்தவர்களுக்காக, அதாவது ஆணைக்குப் பணிந்துபோன கிறிஸ்தவர்களுக்காக, பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுக்கத் தொடங்கினார்கள். கார்த்தேஜில் 'இன்னாரையும் அவரைச் சேர்ந்தவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று ஆள் கணக்கே இல்லாமல் கடிதங்கள் வந்ததாக சிப்ரியன் குமுறுகிறார். அரசாங்கத்தின் தாளால் வெளியே போனவர்கள், இன்னொரு தாளோடு உள்ளே வரப்பார்த்தார்கள். ரோமில் நோவாஷியன் என்ற சபை மூப்பர், பலியிட்டவர்களுக்குக் கதவே திறக்கக்கூடாது என்று சொல்லித் தனி அணியாகப் பிரிந்தார். 251-இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் நடுவழியொன்றைத் தேடினார்கள்: சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்க்கலாம், பலியிட்டவர்கள் தவம் இருக்கட்டும், மரணப்படுக்கையில் அவர்களை மன்னித்துச் சபையோடு சேர்த்துக்கொள்ளலாம்.

இதில் நீ கூர்ந்து பார்க்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. விழுந்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்த சிப்ரியனும் சரி, டயோனீசியஸும் சரி, அந்த நாள்களில் மறைந்து வாழ்ந்தவர்கள். சிப்ரியன் 258-இல் வாளுக்குத் தலைகொடுத்தார் என்பது உண்மை. ஆனால் 251-இல் அது யாருக்கும் தெரியாது. சிறையில் அடிபட்டவன் ஒருவன், ஓடி ஒளிந்த ஆயரின் முகத்தைப் பார்த்துப் பேசும் காட்சியை நீ எழுதியே ஆக வேண்டும்.

டயோனீசியஸ் தப்பிய கதையை அவரே சொல்கிறார். வீரர்கள் அவரைப் பிடித்து தாப்போசிரிஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். அவருடைய ஆள் ஒருவர் தப்பி ஓடும் வழியில், கல்யாண விருந்துக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு கிராமத்தான் எதிர்ப்பட்டு, என்ன விஷயம் என்று கேட்கிறான். அவன் போய் விருந்தில் சொல்ல, பந்தியில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து கூச்சலோடு பாய்ந்து வருகிறார்கள். வீரர்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள். ஆயரோ வந்தவர்களைக் கொள்ளையர் என்று எண்ணி, படுக்கையில் இருந்தபடியே தம் உடைகளை எடுத்து நீட்டுகிறார்! என்னை விட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்சியும் கேளாமல், கையையும் காலையும் பிடித்து வெளியே இழுத்து, சேணமில்லாத கழுதைமேல் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். ஓர் ஆயர் தம்மைப் பற்றி இப்படி எழுதியிருக்கிறார். அந்தக் காலத்துப் பரிசுத்தவான்கள் எல்லோரும் சிலைபோல நின்றார்கள் என்ற எண்ணத்தை இதைப் படித்தபின் விட்டுவிடுவாய்.

இப்போது செராப்பியோன். டயோனீசியஸ் ஃபேபியஸுக்கு எழுதிய அதே கடிதத்தில் வருபவர். நெடுங்காலம் குற்றமின்றி வாழ்ந்த முதியவர், சோதனையில் பலியிட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்டு மன்றாடிக்கொண்டே இருந்தார், யாரும் காதுகொடுக்கவில்லை. நோயில் விழுந்து மூன்று நாள் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தார். நான்காம் நாள் சற்றே தெளிந்து, மகள் வயிற்றுப் பேரனைக் கூப்பிட்டு, சபையின் குருவான மூப்பர் ஒருவரை அழைத்துவரச் சொன்னார். பையன் ஓடினான். இரவு நேரம், மூப்பரும் நோயில் படுத்திருந்தார், எழுந்து வர முடியவில்லை. ஆனால் சாகும் தறுவாயில் கேட்பவர்களுக்கு மன்னிப்பு வழங்கலாம் என்று டயோனீசியஸ் முன்பே சொல்லிவைத்திருந்தார். மூப்பர் நற்கருணை அப்பத்தில் ஒரு சிறு துண்டைப் பையனிடம் கொடுத்து, இதை நனைத்துத் தாத்தாவின் வாயில் துளித்துளியாக விடு என்றார். பையன் வீட்டுக்குள் நுழையும் முன்பே கிழவர் கண்விழித்து, வந்துவிட்டாயா, மூப்பரால் வர முடியவில்லை, அவர் சொன்னதைச் சீக்கிரம் செய் என்றார். அவன் அப்படியே செய்தான். சிறிது விழுங்கியதும் அவர் உயிர் பிரிந்தது.

கார்த்தேஜில் நனைத்த ரொட்டி ஒரு குழந்தையின் வாயில். அலெக்சாந்திரியாவில் நனைத்த அப்பம் ஒரு கிழவரின் வாயில். இந்த இரண்டையும் ஒரே நாவலில் சேர்க்க உனக்கு உரிமை இருக்கிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே: கண்டிப்பின் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த ஃபேபியஸின் மனத்தை மாற்றத்தான் டயோனீசியஸ் இதை எழுதினார். சிப்ரியன் குழந்தையின் கதையைச் சொன்னது அவசரப்பட்டு உள்ளே வருபவர்களை எச்சரிக்க. சான்று தரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. அதை அறிந்து எழுதினால் உன் பாத்திரங்களுக்கும் தத்தம் நியாயம் கிடைக்கும்.

சில்லறைத் திருத்தங்கள். நிலத்தடிக் கல்லறைகளில் ஒளிந்து வாழ்ந்ததாக எழுதியிருப்பதை எடுத்துவிடு. அவை இறந்தவர்களைப் புதைத்து நினைவுகூரும் இடங்கள். சபை கூடியது வீடுகளில். சிரியாவின் துரா யூரோப்போஸில் தோண்டியெடுக்கப்பட்ட வீட்டில் இரண்டு அறைகளுக்கு நடுச்சுவரை இடித்துக் கூடமாக்கியிருக்கிறார்கள். வேறோர் அறையில் ஞானஸ்நானத் தொட்டி, சுவரில் ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன். தியோன் வீட்டுக்கு அதுவே போதும். அவன் கழுத்தில் தொங்கும் சிலுவை வேண்டாம். ஒரே கட்டாகக் கட்டிய முழு வேதாகமமும் வேண்டாம்; ஒரு நற்செய்தி ஏடு, சில பவுலின் கடிதங்கள் இருந்தாலே அந்தச் சபைக்குப் பெரிய சொத்து. உரையாடலில் எல்லோரும் வேதாகமத் தமிழில் பேசுவதையும் குறைத்துக்கொள். மாமியார் மீன் விலை கேட்கும்போதாவது மீன் விலை கேட்பவள்போலப் பேசட்டும்.

தியோனைச் சாகடிக்காதே. வரிசையில் நின்று பலியிடட்டும். அவன் மாமியார் மறுத்துச் சிறைக்குப் போய், காலில் விலங்குப் புண்ணோடு திரும்பட்டும். ஒரே வீடு, ஒரே அடுப்பு. ஞாயிறு விடியலில் அவள் உள்ளே போவாள், அவன் வாசலில் நிற்பான். சிறை மீண்டவள் என்பதால் அவள் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தால் அவனுக்குக் கதவு திறக்கலாம். கேட்க அவனுக்கு வாய் வராது. கொடுக்க அவளுக்கு மனம் வருமா என்பதை முன்கூட்டியே முடிவு செய்யாமல் எழுதிப் பார். அந்த அத்தியாயம் முடிந்ததும் மற்றவற்றுக்குக் காத்திருக்காமல் எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அக்கா