கோரிக்கை மனு: எங்கள் கிணறுகளைக் காக்கும் நிபந்தனையுடன் மட்டுமே பயண நிறுவனத்தின் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுதல்

பெறுநர்:
உயர்திரு உரிம அலுவலர் அவர்கள்,
சுற்றுலாத் துறை.

அனுப்புநர்:
தீவின் குடியிருப்பாளர்கள்.

பார்வை: இதே பொருள் குறித்து முன்னர் அளித்த மூன்று மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்னர் அளித்த மூன்று மனுக்களுக்கும் ஒப்புகைச் சீட்டு கிடைத்தது, பதில் கிடைக்கவில்லை. தாங்கள் இறங்குதுறையிலிருந்து வடகரை வரை நடந்தே பார்த்தவர் என்பதால், விடுதி எங்கே உள்ளது, பொதுக்கிணறு எங்கே உள்ளது, இரண்டுக்கும் இடையே எவ்வளவு குறைந்த தூரம் என்பதையெல்லாம் மீண்டும் எழுதவில்லை. விடுதியை நடத்தும் பயண நிறுவனத்தின் உரிமம் புதுப்பிக்கப்பட இருக்கும் இவ்வேளையில், கீழ்க்கண்டவற்றைக் கனிவுடன் பரிசீலிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

1. பயணிகள் வரக் கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வழிகாட்டிகளாகவும் விடுதிப் பணியாளர்களாகவும் எங்கள் பிள்ளைகள் ஈட்டும் வருமானம் எங்களுக்கு வேண்டும்.

2. எங்கள் துயரம் தண்ணீர். எங்கள் தீவில் ஆறில்லை, ஏரியில்லை. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, தன்னைவிட அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. அந்த நன்னீர்ப் படலம்தான் எங்கள் கிணறுகள். கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால் அதன் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. அதே கணக்கின்படி, மேலே ஒரு சாண் இறங்கினால் அடியிலிருந்து உவர்நீர் 40 சாண் ஏறி வர இடமுண்டு. எங்கள் முன்னோர் வாளியால் இறைத்தார்கள். மேல்நீர் மட்டுமே குறைந்தது, அடுத்த மழையில் அது நிரம்பியது. மோட்டாரோ ஒரே இடத்தில் விடாமல் உறிஞ்சுகிறது. அந்த இடத்தை நோக்கி உவர்நீர் கூம்புபோல் எழும்புகிறது. ஒருமுறை முழுவதுமாக உப்பேறிவிட்ட கிணறு ஒரு மழைக்காலத்தில் தேறிவிடாது.

3. இது எங்கள் வீடுகளில் எப்படி முடிகிறது என்பதையும் சொல்ல வேண்டும். விடுதியின் மோட்டார் ஓடத் தொடங்கிய சில மணி நேரத்தில் பொதுக்கிணற்று நீர் கரிக்கிறது. ஆகவே பெண்கள் விடியும் முன்பே எழுந்து, உவர் ஏறுவதற்குள் குடங்களை நிரப்பிவிட ஓடுகிறார்கள். பிந்தியவர்களுக்குக் கிடைப்பது குளிக்கவும் உதவாத நீர். அதில் சோப்பு நுரைப்பதில்லை. பிள்ளைகள் புத்தகப் பையுடன் தண்ணீர்ப் புட்டியையும் சுமந்து பள்ளிக்குப் போகிறார்கள். மதியத்துக்குள் அது தீர்ந்துவிட்டால் மாலை வரை தாகத்தோடு இருக்கிறார்கள். இரத்த அழுத்தம் உள்ள முதியவர்களிடம் மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்கிறார். குடிக்கும் நீரிலேயே உப்பு இருக்கும்போது அவர்கள் எதைக் குறைப்பார்கள், ஐயா? கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்க நல்ல நீர் இல்லாமல், அடுத்த தீவிலிருந்து படகு வரும்வரை ஒரு தாய் துறையில் காத்திருந்ததை நாங்கள் கண்டோம். அதே நாளில் விடுதியின் நீச்சல் குளம் நிரம்பியிருந்தது. அந்தக் குளத்துக்கான நீர் எங்கிருந்து வந்தது என்று ஒரு அலுவலராவது கேட்டிருக்க வேண்டாமா?

4. விடுதியின் கழிவுநீர்க் குழியும் அதே மணலில்தான் இருக்கிறது. கழிவுநீரால் கடலே கெட்டு, பிலிப்பைன்சின் பொராக்காய் தீவை 2018 ஏப்ரல் முதல் ஆறு மாதம் பயணிகளுக்கு மூட நேர்ந்தது. மூடும் நிலை இங்கே வந்தால் வேலை இழப்பவர்களும் நாங்களே.

5. முடியாததை நாங்கள் கேட்கவில்லை. ஆஸ்திரேலியாவின் லார்ட் ஹோவ் தீவில் ஒரே நேரத்தில் 400 பயணிகளுக்கு மேல் தங்க முடியாது. மாலைத்தீவின் விடுதித் தீவுகள் தங்களுக்கான நன்னீரைக் கடல்நீரிலிருந்து தாங்களே எடுக்கின்றன. ஆனால் கடல்நீரை நன்னீராக்கும் எந்திரத்தை மட்டும் நம்பியிருக்கவும் முடியாது. 2014 டிசம்பரில் மாலைத்தீவின் தலைநகரான மாலேயில், கடல்நீரை நன்னீராக்கும் குடிநீர் ஆலையில் தீப்பற்றியபோது அந்த நகரமே தண்ணீரின்றித் தவித்தது. ஆகவேதான் எந்திரம் இருந்தாலும் கிணறு கெடக் கூடாது என்கிறோம்.

6. அந்நிறுவனம் பள்ளிக்கு நோட்டுப் புத்தகங்கள் வழங்கியது, கரையில் மரக்கன்றுகள் நட்டது. அதற்கு நன்றி சொல்லியிருக்கிறோம், இப்போதும் சொல்கிறோம். ஆனால் தீவு மக்களுக்கு ஒரு பயண நிறுவனம் செய்யக்கூடிய முதல் உதவி, அவர்கள் குடிக்கும் நீரில் கைவைக்காமல் இருப்பது. நோட்டுப் புத்தகத்தைத் தாகத்துக்குக் குடிக்க முடியாது. நட்ட கன்றுகளும் உவர்நீரில் கருகிவிட்டன. தாங்களே வந்து பார்க்கலாம், எத்தனை முறை அழைப்பது?

7. எனவே உரிமத்தில் இந்நிபந்தனைகளை எழுத்தில் சேர்க்குமாறு வேண்டுகிறோம். நிறுவனம் தன் தேவைக்குக் கூரை மழைநீரைத் தொட்டிகளில் சேமிக்க வேண்டும். போதாததைக் கடல்நீரிலிருந்து எடுக்கவோ படகில் கொண்டுவரவோ வேண்டும். தீவின் நிலத்தடி நீரை மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. கோடையில் பயணிகள் எண்ணிக்கையைத் தொட்டியில் உள்ள நீரின் அளவு தீர்மானிக்க வேண்டும். கிணறுகளின் உவர்ப்பை மாதம் ஒருமுறை அளந்து துறைவாசலில் எழுதி வைக்க வேண்டும். அந்த வேலைக்கு எங்கள் இளைஞர்களைப் பழக்கினால் ஊதியமும் தீவிலேயே தங்கும். கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் மணலில் விடக் கூடாது. கொண்டுவரும் ஞெகிழிப் புட்டிகளைத் திரும்பும் படகிலேயே ஏற்றிச் செல்ல வேண்டும்.

8. மோட்டாரை நிறுத்துங்கள், ஐயா. மற்றவை தாமதமானாலும் இதையாவது முதலில் செய்யுங்கள்.

கையெழுத்திடும் முன் ஒரு நாள், மோட்டார் ஓடும் நேரத்தில், தாங்கள் பொதுக்கிணற்றுக்கு வர வேண்டும். அங்கே இறைக்கும் நீரில் ஒரு மிடறு குடித்துப் பார்த்த பிறகு உரிமத்தைப் பற்றி முடிவெடுக்குமாறு மீண்டும் மீண்டும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தீவின் குடியிருப்பாளர்கள்

இணைப்பு: முந்தைய மூன்று மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகளுடன்.