கோப்பின் மேல் வைத்த கடிதம்

மாங்குளம்

அன்பு மகளுக்கு,

வேலைக்கான நேர்முகப் பரீட்சைக்கு நீ கேட்டதெல்லாம் இந்தக் கோப்புக்குள் இருக்கு. திறந்ததும் முதலில் இதை வாசி.

அழைப்புக் கடிதத்தில் ‘கட்டமைக்கப்பட்ட நேர்முகப் பரீட்சை’ என்று போட்டிருப்பதாகச் சொன்னாய். பொது நேர்முகப் பரீட்சை என்றால் புள்ளி கிடையாது, தகைமையைச் சரிபார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். இது புள்ளி போடுகிற பரீட்சை. எதற்கு எத்தனை புள்ளி என்று அறிவித்தலில் தந்திருந்தால், ஒவ்வொரு தலைப்புக்கும் எதிரே அதைக் காட்டும் கடதாசி எது என்று பென்சிலால் எழுது. எதிரே ஒன்றும் எழுத முடியாத தலைப்பில் நீ எவ்வளவு கதைத்தாலும் புள்ளி வராது.

உன் கோப்பில் இரண்டு ஓட்டை கண்டேன். பட்டச் சான்றிதழில் அப்பாவின் பெயர் ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் குறைந்து கிடக்கு. அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழின் மொழிபெயர்ப்பிலும் சரியாக இருக்கு. இரண்டு பெயரும் ஒரே ஆளைத்தான் குறிக்கும் என்று ஒரு சத்தியக் கடதாசி முடித்து, சமாதான நீதவானிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கு. அங்கே போய் வாயால் விளங்கப்படுத்தலாம் என்று நினையாதே. சரிபார்க்கிற எழுதுவினைஞருக்குக் கோப்பில் போட ஒரு கடதாசி வேணும்.

மற்றது, நீ வேலை செய்த திட்டத்தின் சேவைக் கடிதம். தொடங்கிய திகதி இருக்கு, முடிந்த திகதி இல்லை. அனுபவத்தை விண்ணப்ப முடிவுத் திகதி வரைக்கும் மாதக் கணக்கில்தான் எண்ணுவார்கள். முடிவு இல்லாத கடிதத்தை எப்படி எண்ணுவது? வன்னியில் இது பெரிய கரைச்சல். திட்டம் முடிய அலுவலகத்தையும் பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள், பிறகு கடிதம் கேட்க ஆள் இருக்காது. உன் பழைய பொறுப்பாளருக்கு இன்றைக்கே மின்னஞ்சல் போடு. வராவிட்டால் நியமனக் கடிதம், ஒப்பந்த நீடிப்பு, ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக் கூற்று மூன்றையும் சேர்த்துக் கட்டு. மாதா மாதம் கட்டிய பணம் அதில் தெரியும்.

கிராம அலுவலர் சான்றிதழ் புதிதாக எடுத்து, பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு வைத்திருக்கிறேன். பழையதைக் கிழித்துப் போடு, இரண்டும் கிடந்தால் அவசரத்தில் பிழையானதுதான் கையில் வரும்.

இனிக் கேள்விகள். ‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றால் ஒன்றரை நிமிடம் போதும்: என்ன படித்தாய், என்ன செய்தாய், இந்த வேலைக்கு அது எங்கே உதவும். 2009இல் படிப்புப் பிந்தியதைக் கேட்டால், இடப்பெயர்வால் பிந்தியது, பிறகு எழுதிச் சித்தியடைந்தேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போ. அந்தக் கதையை விரிக்க வெளிக்கிட்டால் உனக்குக் குரல் உடையும், அவர்களுக்கு எதைக் கேட்பதென்று தெரியாது. புள்ளியும் அதற்கு இல்லை.

பாடத்தில் பிடிப்பார்கள். கிளிநொச்சி அறிவியல்நகர் வளாகத்தில் விவசாயம் படித்த பிள்ளை என்றால் நெல்லைத்தான் முதலில் கேட்பார்கள். இங்கே நாங்கள் ஏக்கர், புசல், அந்தர் என்று கதைக்கிறோம். அவர்கள் ஹெக்டேயர், கிலோ என்று கேட்பார்கள். ஒரு ஹெக்டேயர் 2.47 ஏக்கர், ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ, ஓர் அந்தர் ஏறத்தாழ 50 கிலோ. இது நாக்கு நுனியில் இருக்க வேணும். வீச்சு விதைப்புக்கு ஹெக்டேயருக்கு 100 கிலோ என்றால் ஏக்கருக்கு 2 புசல் அளவு. ‘கமக்காரர் அதற்கு மேல் போடுகிறார்களே, ஏன்?’ என்பது அடுத்த கேள்வியாக வரக்கூடும். முளைக்காமல் போய்விடும், குருவி தின்னும், புல் மூடும் என்ற பயம் என்று சொல். பயிர் நெருங்கி, யூரியாவும் கூடினால் நெல்லின் சாற்றை உறிஞ்சும் அறக்கொட்டிப் பூச்சி அடிக்கும் என்பதையும் சேர். கமக்காரரை முட்டாளாக்கிப் பதில் சொல்லாதே. அவர்களோடு வேலை செய்யத்தானே உன்னை எடுக்கப் போகிறார்கள்.

தெரியாததைத் ‘தெரியாது’ என்று சொல், எங்கே பார்த்து அறிவாய் என்றும் சொல். சமாளித்தால் அதிலிருந்தே அடுத்த கேள்வி பிறக்கும்.

சிங்களத்தில் கேட்டால் விளங்கியதுபோல் தலையாட்டாதே. எந்த மொழியில் பதில் சொல்லலாம் என்று தொடக்கத்திலேயே மரியாதையாகக் கேள். பிறகு அந்த மொழியிலேயே நில். அரைவாசி இதிலும் அரைவாசி அதிலும் சொன்னால் தெரிந்ததும் தெரியாததுபோல் கேட்கும்.

‘எந்த மாவட்டத்துக்கும் போவீர்களா?’ என்பதற்குப் பதிலை இங்கேயே முடிவெடுப்போம். ஞாயிறு இரவு அப்பாவும் நானும் உனக்குத் தொலைபேசி எடுக்கிறோம். அங்கே போய் யோசிக்காதே.

பருத்திச் சேலை, பழகிய செருப்பு. பரீட்சைக்கு முந்தின நாள் சேலையைக் கட்டிக்கொண்டு கதிரையில் அரை மணித்தியாலம் இருந்து பார்.

வாசலில் காவலாளி அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு பாஸ் தருவதுண்டு. உள்ளே மூல அட்டையைக் கேட்பார்களே! சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்துப் பார். ஏற்காவிட்டால் அழைப்புக் கடிதத்தைக் காட்டி, அட்டை உள்ளே தேவை என்று சொல். முக்கால் மணித்தியாலம் முந்திப் போகச் சொல்வது இதற்காகத்தான்.

உள்ளே மூலப் பிரதி 9 இருக்கு. பட்டியலை மட்டையின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன். சத்தியக் கடதாசியோடு 10 ஆகும். மூலத்தைக் காட்டு, உறுதிப்படுத்திய பிரதியைக் கொடு. வெளிக்கிடும்போது மேசையில் வைத்தே எண்ணி எடு. பிறப்புச் சான்றிதழை மட்டும் தபாலில் அனுப்பாமல் கையோடு வீட்டுக்குக் கொண்டு வா.

அம்மா