தணிக்கை அறிக்கைக்குப் பதில் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெரிய விபத்து ஒன்று நடந்ததும், அந்தச் சாலையில் பாதுகாப்புத் தணிக்கை, அதாவது எங்கே என்ன ஆபத்து இருக்கிறது என்று ஆராயும் சோதனை, நடத்தப்படும் என்ற அறிவிப்பு செய்தியாக வந்துவிடுகிறது. நடத்தட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சாலை வரைபடமாக இருக்கும்போதே செய்திருக்க வேண்டிய வேலை அது. பல ஆண்டுகள் சாலை வடிவமைப்பிலும் பிறகு தணிக்கைக் குழுக்களிலும் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

சாலைப் பாதுகாப்புத் தணிக்கை என்ற வழக்கம் 1980-களில் பிரிட்டனில் தொடங்கியது. விபத்து நடந்த இடங்களைச் சீர்செய்துகொண்டிருந்த பொறியாளர்கள், அதே குறைகள் புதிய சாலைகளிலும் முளைப்பதைப் பார்த்து, கட்டுவதற்கு முன்பே கண்டுபிடிப்போம் என்று இறங்கினார்கள். காகிதத்தில் இருக்கும் சந்திப்பை நூறு மீட்டர் தள்ளி வைக்கப் பென்சில் போதும். பாலம் எழும்பிய பிறகு எச்சரிக்கைப் பலகை வைப்பதைத் தவிர பெரிதாக எதுவும் செய்ய முடியாது.

எல்லாம் விதிப்படிதானே இருக்கிறது, அப்புறம் தணிக்கை எதற்கு என்று பலர் கேட்பார்கள். விதியைச் சரிபார்ப்பது வடிவமைப்பாளரின் வேலை. இந்த இடத்தில் யார், எப்படி அடிபடக்கூடும் என்று கேட்பது தணிக்கையாளரின் வேலை. ஒரு மேடு விதிப்படி இருக்கும், அதை அடுத்த வளைவும் விதிப்படி இருக்கும், வளைவில் வந்து சேரும் கிளைச் சாலையும் விதிப்படியே இருக்கும். மூன்றும் ஒரே இடத்தில் சேரும்போது ஓட்டுநருக்கு அந்தச் சந்திப்பு கடைசி நொடியில்தான் தெரியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க இரண்டரை நொடி எடுத்துக்கொண்டால், அதற்குள் வண்டி 55 மீட்டர் ஓடியிருக்கும். ஆகவேதான் வரைந்தவரே தன் சாலையைத் தணிக்கை செய்யக் கூடாது. குழுவில் இரண்டு பேராவது வேண்டும், இருவருமே அந்தத் திட்டத்தில் கை வைக்காதவர்களாக இருக்க வேண்டும்.

சாலை உருவான பிறகு நடக்கும் தணிக்கையில் குழு வண்டியை விட்டு இறங்கி நடக்க வேண்டும். நடுத்திட்டுப் புல்லில் ஒற்றையடிப் பாதை விழுந்திருந்தால், மக்கள் உண்மையில் கடக்கும் இடம் அதுதான். கோடு போட்ட இடம் எங்கோ இருக்கும். இரும்புத் தடுப்புத் தகடுகள் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்றும் பார்க்க வேண்டும். வண்டி வரும் பக்கத்துத் தகடு அடுத்த தகட்டின் மேல் படிந்திருந்தால், மோதும் வண்டி வழுக்கிக்கொண்டு போகும். மாற்றி மாட்டியிருந்தால் தகட்டின் விளிம்பு வண்டியைக் குத்தும். கிட்டத்தில் நின்று பார்த்தால்தான் இது கண்ணில் படும்.

இரவில் கட்டாயம் போக வேண்டும். பகலில் குறையே தெரியாத ஒரு வளைவில், கிளைச் சாலையின் விளக்கு வரிசை நேராக நீண்டுபோகும். முதன்மைச் சாலையோ திரும்பும். புதிதாக வருபவர் விளக்குகளை நம்பி நேராகப் போய்விடுவார். மழை இரவில் கோடுகள் நீருக்கடியில் மறைந்துபோகும். விளம்பரப் பலகையின் வெளிச்சத்தில் சிக்னல் கரைந்துபோகும். இருட்டிய பிறகு சாலையைப் பார்க்காமல் எழுதிய அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

என் ஆதங்கமெல்லாம் இதற்கு அப்புறம் நடப்பதைப் பற்றித்தான். அறிக்கையில் ஒவ்வொரு குறைக்கும் அது இருக்கும் இடம், யாருக்கு ஆபத்து, எவ்வளவு தீவிரம், என்ன செய்யலாம் என்று எழுதுகிறோம். சாலைக்குப் பொறுப்பான அமைப்பு ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்கிறோம் எனலாம், வேறு வழியில் சரிசெய்கிறோம் எனலாம், ஏற்கவில்லை என்றால் காரணம் சொல்லிக் கையெழுத்திடலாம். மறுப்பதற்கும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் நான் இருந்த ஒரு குழு, கூர்மையாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு தடுப்பு முனையைப் பற்றி எழுதியபோது, "குறித்துக்கொள்ளப்பட்டது" என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. சாலை திறந்த நாளிலும் அந்த முனை அப்படியே நின்றது. இதைப் பதில் என்று என்னால் ஏற்க முடியவில்லை. யார் முடிவெடுத்தார்கள், ஏன் என்று அந்த வார்த்தையிலிருந்து எவருக்கும் தெரியாது.

அறிக்கையையும் அதற்கு வந்த பதிலையும் சேர்த்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தணிக்கை என்று அடுத்த முறை யாராவது அறிவிக்கும்போது, குழு இரவில் போனதா, எந்தெந்தப் பரிந்துரை என்ன காரணத்துக்காக மறுக்கப்பட்டது என்று உங்கள் நிருபர்கள் கேட்டு, கிடைக்கும் விடையை அப்படியே அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சாலைப் பொறியாளர்