ஃபெரி மேல் திடீர்க் காதல்

ஜார்ஜ்டவுன், பினாங்கு

அன்புள்ள கமலம்,

ஏழு மாதமாக நான் வாய் திறக்காததற்கு நீ திட்டுவதையெல்லாம் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். பெரியவனுக்கு ஜூருவில் வேலை. அவ்வளவுதான் சேதி.

பினாங்குப் பாலத்தில் நடந்த அந்த விபத்து, கையில் தையல் பிரித்ததோடு முடிந்தது என்றுதானே உன்னிடம் சொன்னேன்? பொய்டி. லோரி ஹாரன் கேட்டால் நெஞ்சு படபடக்கும். இரவு இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி எழுந்து உட்காருவேன். ஈசிஜி எடுத்ததில் இருதயத்துக்கு ஒன்றுமில்லை. ஒரு கிளினிக்கில் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். அது இதற்கு மருந்தே இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. அம்மா தண்ணீர்மலையிலிருந்து கயிறு கொண்டுவந்து கட்டினார்.

கடைசியில் ஒரு சைக்காலஜிஸ்ட் அம்மாவிடம் போனேன். பெரிய அதிர்ச்சிக்குப் பின் வரும் பி.டி.எஸ்.டி. என்ற மன நோயா என்று பார்க்க, போன ஒரு மாதத்தைப் பற்றி 20 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். 33-ஐத் தொட்டாலே மேற்கொண்டு விசாரிப்பார்களாம். நான் 51. கணக்கில்கூட இவ்வளவு வாங்கியதில்லை என்றேன். அவர் சிரிக்கவில்லை. “வேலைக்கு எப்படிப் போகிறீர்கள்?” என்றார். ஃபெரியில் அக்கரைக்குப் போய் அங்கிருந்து பிறைக்கு பஸ், கடல் காற்று எனக்குப் பிடிக்கும் என்றேன். “விபத்துக்கு முன்பும் பிடிக்குமா?” என்றார். வாயடைத்துப் போனேன். பங்கோர் தீவுக்குப் படகில் போனபோது யார் மடியில் வாந்தி எடுத்தேன் என்று உனக்குத் தெரியாதா!

சிகிச்சை வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். கண்ணை மூடிக்கொண்டு, விபத்து இப்போது நடப்பதுபோலச் சொல்ல வேண்டும். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. அதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். மறப்பதற்கல்லவா காசு கொடுத்து வந்தேன் என்று அப்படி ஒரு கோபம். ஐந்தாவது வாரம், என் குரலைக் கேட்டபடியே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இந்த நோய்க்கு இப்போதுள்ள பெயரே 1980-இல்தான் வந்ததாம். உடனே தாத்தா ஞாபகம். ஜப்பான்காரன் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போட்டுவிட்டு உயிரோடு திரும்பிய மனிதர், ராத்திரியில் அலறுவாரே. நாம் போர்வைக்குள் சிரிப்போமே. காத்து சேட்டை என்று பூசாரி வேப்பிலை அடித்தார். அங்கே என்ன நடந்தது என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை கமலம்.

சரி, பாலத்துக்கு வருகிறேன். அதையும் படிப்படியாகத்தான். முதலில் பாலத்தின் படத்தைப் பார்த்தேன். அப்புறம் இவர் ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போனேன். போன ஞாயிறு விடியலில் நானே ஓட்டினேன், 13.5 கிலோமீட்டரும் ஸ்டீயரிங் ஈரம். பாக்கி இருப்பது, சாயங்கால லோரிக் கூட்டம். பள்ளி விடுமுறைக்கு ரயிலேறி பட்டர்வொர்த் வா, கூப்பிட்டுப் போக ஐந்தரைக்கு வருகிறேன். ஆறரை வரை என்னைக் காணோம் என்றால், பேசாமல் ஃபெரி ஏறிவிடு.

உன்
சரசு